மணப்படமும் முப்பொருளும்

திருமணத்தைப் படமாக்குவதில் இரண்டு நெறிகள் உண்டு. மணமக்களை நிறுத்தி, மாலையைத் திருத்தி, முகத்தை நிமிரச் செய்து, எல்லாரும் காமிராவை நோக்கியிருக்கும்போது எடுப்பது ஒரு நெறி. எவரையும் நிறுத்தாமல், சடங்கில் குறுக்கிடாமல், நிகழ்வதை நிகழ்ந்தவாறே எடுப்பது மற்றொரு நெறி. முன்னதை அமர்வுப் படம் என்றும், பின்னதை இயல்புப் படம் என்றும் இங்கே பெயரிட்டுக் கொள்ளலாம். பின்னதைத் தொழில் செய்வோர் 'கேண்டிட்' என வழங்குகின்றனர். ஈப்போவிலும், அதன் தென்மேற்கே உள்ள லகாட், பூசிங் முதலிய சிற்றூர்களிலும், மணவீட்டார் விரும்பிக் கேட்கும் நெறியாக இன்று இது வளர்ந்திருக்கிறது. பழைய படங்களில் இருப்போர் மரப்பாவைகள். புதிய படங்களில் இருப்போரே உயிருள்ள மாந்தர் என்பது இதனைப் போற்றுவோரின் கருத்து.

இக்கருத்தில் உண்மை உண்டு. ஆயினும் அது பாதி உண்மையே. மற்றப் பாதியைக் காண்பதற்குரிய அளவுகோலை அயல்நாட்டில் தேட வேண்டுவதில்லை. தொல்காப்பியர் பாட்டுக்கு வகுத்த முதல், கரு, உரி என்னும் முப்பொருளே போதும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, மரம், பறை, தொழில் முதலியன கருப்பொருள். அங்கு வாழும் மாந்தரின் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றையும் கொண்டு நோக்கினால், பழைய மணப்படம் எதைப் பெற்றிருந்தது, புதிய மணப்படம் எதை இழந்து வருகிறது என்பது விளங்கும்.

இயல்புப் படம் வந்த வழி

1839இல் பிரான்சு நாட்டில் டகேர் என்பாரின் படமுறை வெளியானபோது, ஓர் உருவம் தகட்டில் பதியப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தன. அசையாது அமர்ந்தாலன்றி முகம் பதியாது. பழைய படங்களின் விறைப்பு, மாந்தரின் மனத்தில் இருந்த விறைப்பன்று, கருவியின் தேவை. பின்னர்க் கருவி விரைவு பெற்றது. 1920களின் இறுதியில் செருமனியைச் சேர்ந்த எரிக் சாலமன், மிகுந்த ஒளியை ஏற்கும் லென்ஸ் பொருத்திய சிறு காமிராவைக் கொண்டு மாநாட்டு மண்டபங்களுள் புகுந்தார். அரசியல் தலைவர்கள் பேசுவதையும், நள்ளிரவில் களைத்துச் சாய்ந்திருப்பதையும் அவர்கள் உணராதவாறு எடுத்தார். ஆங்கில இதழ்கள் அவர் முறையைக் குறித்த சொல்லே 'கேண்டிட்' என்பது. யூதராகிய அவர் 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் உயிரிழந்தார்.

இந்நெறியைக் கலையாக உயர்த்தியவர்களுள் தலையாயவர் பிரான்சு நாட்டு ஆன்றி கார்த்தியே பிரசோன். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இரமணரின் இறுதி நாட்களைப் படமெடுத்தவர் இவரே. 1952இல் வெளிவந்த இவருடைய நூல், நிகழ்ச்சியின் பொருளும் காட்சியின் அமைப்பும் ஒன்றாய்ப் பொருந்தும் அந்த ஒரு கணத்தைப் பற்றுவதே புகைப்படக் கலை என்னும் கொள்கையைப் பரப்பியது. செய்தித்தாளுக்குரிய இம்முறையை 1980களில் அமெரிக்காவின் டெனிஸ் ரெஜி திருமண வீட்டுக்குக் கொண்டு வந்தார்; 1996இல் இளைய ஜான் கென்னடியின் திருமணத்தைப் படமெடுத்தவரும் அவரே. காமிராவில் பிலிம் ஒழிந்து எண்முறைப் பதிவு வந்தபின், ஒரே நாளில் ஆயிரக்கணக்கான படங்களை எடுத்துத் தள்ளவும், வேண்டியவற்றைப் பொறுக்கவும் இயன்றது. அதன் பின்னரே இந்நெறி சென்னை, பெங்களூர், கோலாலம்பூர், ஈப்போ என எங்கும் பரவியது.

தோட்டத்துப் பழைய ஆல்பம்

லகாட், ஈப்போவுக்கும் பத்து காஜாவுக்கும் இடையே உள்ள சிற்றூர்; கிந்தா பள்ளத்தாக்கின் ஈய நிலத்தைச் சேர்ந்தது. அவ்வட்டாரத் தமிழர் பலருடைய முன்னோர் பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். தோட்டத்தில் கல்யாணம் என்றால் லயத்து முன்றிலிலோ கோயில் வாசலிலோ பந்தல் எழும். வாழைமரம் கட்டுவதும் தென்னங்குருத்துத் தோரணம் பின்னுவதும் அக்கம்பக்கத்தாரே. இரவெல்லாம் அண்டாக்களில் சமையல் நடக்கும். விடிந்ததும் நகரத்து ஸ்டூடியோக்காரர் தோளில் பையோடு வந்து சேர்வார்.

அவர் கையில் இருந்தது பெரும்பாலும் மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் காமிரா. ஒரு பிலிம் சுருளில் 12 சதுரப் படங்களே எடுக்கலாம். பிளாஷ் பல்பு ஒரு முறை மின்னியதும் தூக்கி எறியத்தக்கது. ஒவ்வொரு சொடுக்குக்கும் காசு. இந்நிலையில் ஓடி ஆடும் குழந்தையையோ பந்தியில் சிந்திய சிரிப்பையோ துரத்திக் கொண்டிருக்க எவருக்கு இயலும்? மாலை மாற்றல், தாலி கட்டல், பெற்றோரோடு ஒரு படம், உற்றாரோடு ஒரு படம் என்று எண்ணி எண்ணியே எடுத்தார்.

இப்படங்களில் உரிப்பொருள் குறைவு என்பது மெய்யே. மணமகள் குனிந்திருப்பாள், மணமகன் திகைத்திருப்பான், பின்வரிசையில் நிற்கும் பெரியப்பா அஞ்சலகத்து முத்திரைபோல் அசைவற்றிருப்பார். ஆனால், வெயிலிலும் பிளாஷ் ஒளியிலும் எடுப்பவர் லென்ஸின் துளையைச் சுருக்கி வைப்பது வழக்கம். துளை சுருங்கினால் அண்மையும் சேய்மையும் ஒருசேரத் தெளியும். ஆதலின், மணமக்களுக்குப் பின்னே லயத்துப் பலகைச் சுவரும், அதில் மாட்டிய நாட்காட்டியும், கயிற்றுக் கொடியும், இரவல் வாங்கிய பள்ளிக்கூட நாற்காலியும், அப்பால் வரிசையாக நிற்கும் பால்மரங்களும் அப்படியே பதிந்தன. படமெடுத்தவர் இவற்றை வேண்டி எடுக்கவில்லை. இருந்தும், முதலும் கருவும் தாமாகவே வந்து அமர்ந்தன.

இவை எத்துணை அரியன என்பதைப் பின்னைய வரலாறு காட்டியது. 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் நிகழ்ந்தது. அதனால் வீடிழக்கும் தொழிலாளருக்காகச் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் தலைமையில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. 1985இல் ஈய விலை வீழ்ந்தபோது கிந்தாவின் சுரங்கத் தொழிலும் சாய்ந்தது. லயம் இடிந்தது, பிரட்டுக்களம் புல் மூடியது. அவை எவ்வாறு இருந்தன என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், பல வீடுகளில் எடுத்துக் காட்ட எஞ்சியிருப்பது பாட்டியின் கல்யாணப் படத்தின் பின்புலமே.

மற்றொன்றும் உண்டு. இந்நாட்டில் முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்வது 1982 மார்ச் 1 முதல் கட்டாயமாயிற்று. அதற்கு முன் வழக்காற்றின்படி நடந்த மணங்கள் பலவற்றுக்கு ஊர் சாட்சி, தாலி சாட்சி, அடுத்து அந்த ஒரு படமே சாட்சி. எல்லாரும் நேர்நோக்கி நிற்கும் அப்படம், 'இவர்கள் முன்னிலையில் இது நடந்தது' என்று ஊரே கையொப்பமிட்ட பத்திரம் போன்றது. மரப்பாவை நிலை என்று அதனை இகழ்வோர் இதனை மறந்து விடுகின்றனர்.

அகநானூற்று மணங்கள்

அப்படியாயின் இயல்பு நெறி குறையுடையதோ? அன்று. தமிழின் மிகப் பழைய திருமணச் சித்திரங்கள் இரண்டும் இயல்பு நெறியிலேயே அமைந்தவை. நல்லாவூர் கிழார் பாடிய அகநானூறு 86ஆம் பாட்டிலும், விற்றூற்று மூதெயினனார் பாடிய 136ஆம் பாட்டிலும், தலைவன் தன் மணநாளை நினைந்து கூறுகிறான். எவரும் நிறுத்தி வைக்கப்படவில்லை. முதற்பாட்டில், தலையில் குடமும் கையில் புதுக் கலமுமாக முதிய பெண்டிர் ஆரவாரத்தோடு வந்து, முன்னும் பின்னுமாக முறையே பொருள்களை எடுத்துத் தருகின்றனர். மகப்பெற்ற மகளிர் நால்வர் வாழ்த்தி நீராட்ட, ஈரப் பூவிதழும் நெல்லும் மணமகளின் கூந்தலில் ஒட்டிக் கிடக்கின்றன. இரவில் அவள் புத்தாடைக்குள் முதுகை வளைத்து ஒடுங்குகிறாள். இரண்டாம் பாட்டில், நகைகளின் நெருக்கத்தால் அரும்பிய வியர்வையை ஆற்றுவதும் சொல்லப்படுகிறது. கூந்தலில் ஒட்டிய நெல்லையும் மணப்பெண்ணின் வியர்வையையும் எந்த அமர்வுப் படமும் காட்டாது, துடைத்துவிட்டுத்தான் எடுப்பார்கள்.

ஆனால், இவ்விரு புலவரும் அதனோடு நிற்கவில்லை என்பதே கருதத்தக்கது. முதற்பாட்டு உளுந்து சேர்ந்த உணவில் தொடங்குகிறது. இரண்டாம் பாட்டு இறைச்சியும் நெய்யும் கலந்த வெண்சோற்றில் தொடங்குகிறது. பந்தலும் பரப்பிய புதுமணலும் இரண்டிலும் உண்டு. திங்கள் உரோகிணியோடு கூடிய பொழுது குறிக்கப்படுகிறது. ஒன்றில் விளக்கும் மாலையும், மற்றொன்றில் மணமுழவும் வாகை இலையும் அறுகும் வெண்ணூலும் இடம்பெறுகின்றன. இவ்வளவும் சொல்லிய பின்னரே மணமகளின் நாணம் வருகிறது. முதலும் கருவும் நிறைந்த இடத்தில் உரி விளங்குகிறது. இயல்பு நெறியின் முழு வடிவம் இதுவே.

உரி மட்டும் நின்ற படம்

இக்கால இயல்புப் படங்களுள் சிறந்தவற்றில் மெய்ப்பாடு மிக்கிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. தாலி கட்டும் நொடியில் கண்ணை மூடிக்கொள்ளும் தாய், தங்கையின் மாலையை நேராக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அண்ணன், நாயனக்காரரின் கன்னத்தை வியந்து நோக்கும் சிறுவன் ஆகியோரைப் பழைய காமிரா காட்டியதில்லை.

குறை எங்கே உள்ளது? மங்கிய மண்டபத்தில் பிளாஷ் இன்றி எடுக்க லென்ஸின் துளையை அகலத் திறக்க வேண்டும். துளை அகன்றால் ஒரு முகம் மட்டும் தெளிந்து, அதன் முன்னும் பின்னும் உள்ளன கலங்கிவிடும். தொலைவிலிருந்து எடுக்கும் நீண்ட லென்ஸ் இக்கலக்கத்தை மேலும் பெருக்கும். தொடக்கத்தில் இது கருவியின் தேவை. இன்றோ அதுவே அழகென்று கருதப்பட்டு, நண்பகல் வெளிச்சத்திலும் வேண்டுமென்றே செய்யப்படுகிறது. விளக்கு மணிமணியாய்க் கரைகிறது, பந்தல் பச்சைப் புகையாகிறது, உற்றார் நிறத்திட்டுக்களாகின்றனர். ஆல்பம் முழுவதும் முகம், முகம், முகம். அத்திருமணம் லகாட்டில் நடந்ததா, மதுரையில் நடந்ததா, லண்டனில் நடந்ததா என்பதை அறிய வழியில்லை.

இதனால் உரிப்பொருளே ஊறுபடுகிறது. தொல்காப்பியர் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்கள் கூறினார். நகைக்கும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு கூறினார். கண்ணீர் வழியும் ஒரு தாயின் முகத்தை மட்டும் கண்டவர், அது எந்த அழுகை என்று எங்ஙனம் அறிவார்? மகளைப் பிரியும் துயரா? கடன் வாங்கி மணம் முடித்த அசதியா? கணவன் உடனில்லாத இழவா? அதே முகம் சாவு வீட்டிலும் அவ்வாறே இருக்கும். அவள் கையில் மகளின் கழற்றிய வளையல் இருப்பதும், பக்கத்து நாற்காலியில் மாலையிட்ட கணவரின் படம் இருப்பதும் சட்டத்துள் தெளிவாக வந்தாலன்றோ அழுகையின் நிலைக்களன் புலப்படும்? பின்புலத்தை அழித்தவர் பொருளையும் அழித்தவராகிறார்.

'முதலினும் கரு சிறந்தது, கருவினும் உரி சிறந்தது என்பதன்றோ இலக்கண மரபு? உரிப்பொருள் மட்டுமே அமைந்த பாட்டும் உண்டே' என்று கற்றறிந்தோர் தடை எழுப்பலாம். நேரிய தடையே. தனிப்படம் ஒன்று உரி மட்டும் பெற்றுச் சிறக்கலாம். ஆனால் ஆல்பம் தனிப்பாட்டு அன்று, தொகைநூல். தொகை முழுவதும் நிலமும் பொழுதுமின்றி அமைந்தால், அதற்குத் திணை ஏது?

'மண்டபத்தில் இருப்பவை பிளாஸ்டிக் நாற்காலியும் தொங்கும் மின்கம்பியும் அரசியல்வாதியின் பதாகையுந்தானே. அவற்றைக் காட்டி என்ன பயன்?' என்பது மற்றொரு தடை. கருப்பொருள் அழகிய பொருள் என்று எந்த உரையாசிரியரும் கூறவில்லை. அந்நிலத்துக்குரிய பொருள் என்றே கூறினர். லயத்துப் பலகைச் சுவரை அன்று எவரும் அழகென்று கருதியதில்லை. இன்றைய பிளாஸ்டிக் நாற்காலி 50 ஆண்டு கழித்துப் பலகைச் சுவரின் மதிப்பைப் பெறும். கார்த்தியே பிரசோனும் கணத்தை மட்டும் துரத்தியவர் அல்லர்; கண்ணின் பார்வைக்கு அண்மையான 50 மி.மீ. லென்ஸையே பெரிதும் கையாண்டு, தெருவும் சுவரும் படியும் நிழலும் மாந்தரோடு பொருந்தும் அமைப்பைத் தேடினார். அவர் நெறியைப் பின்பற்றுவதாகக் கூறுவோர் அதில் பாதியையே எடுத்துக் கொண்டனர். பெங்களூரைச் சேர்ந்த மகேஷ் சாந்தாராம் போன்ற சிலர் இதற்கு விலக்கு. அவர் 'மேட்ரிமேனியா' என்னும் தொகுப்பில், மணமக்களின் முகத்தோடு நில்லாமல், மேடை, அலங்காரம், ஓரத்து மாந்தர் ஆகியவற்றையும் பொருளாக்கினார்.

பொய்யியல்பு என்பது வேறொரு குறை. 'என்னைப் பார்க்காதீர்கள், ஒருவரையொருவர் பார்த்துச் சிரியுங்கள், இன்னொரு முறை' என்று ஏவி எடுத்து, அதனை இயல்பென்று பெயரிடுகின்றனர். ஏவி எடுப்பதில் இழுக்கில்லை. ஏவவில்லை என்று காட்டுவதே இழுக்கு. பழைய அமர்வுப் படம் தன்னை அமர்வுப் படம் என்று ஒளிவின்றிக் கூறியது. தன்மையணி என்று பெயர் சூடிக்கொண்டு வரும் உயர்வு நவிற்சியைப் புலவர் ஏற்பதில்லை.

கெல்லி மாளிகையில் மணமக்கள்

இக்குறைகள் அனைத்தும் ஓரிடத்தில் கூடிநிற்பதைக் காண விரும்புவோர் பத்து காஜாவுக்கு அருகே உள்ள கெல்லி மாளிகைக்குச் செல்லலாம். மணமக்கள் படம் எடுத்துக்கொள்ள நாடும் இடங்களுள் அதுவும் ஒன்று. வளைவுகளும் செங்கற் சுவரும் பார்க்க அழகியவையே. வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915இல் தொடங்கிய அம்மாளிகை, 1926இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்ததால் முற்றுப்பெறாது நின்றது. அதனைக் கட்டியவர்களுள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் பலர். உலகை வாட்டிய 1918ஆம் ஆண்டு விஷக் காய்ச்சலில் அவர்களுள் மாண்டோரும் பலர். அவர்கள் பொருட்டு எழுந்த மாரியம்மன் கோயில் அருகிலேயே உள்ளது; தெய்வச் சிற்பங்களோடு ஸ்மித்தின் உருவமும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

அச்சுவரின் முன் ஒரு தமிழ் மணமகள் நிற்பது எத்துணைப் பொருள் பொதிந்த காட்சி! அவளைப் போன்றோரின் கொள்ளுப்பாட்டனார் சுமந்த கல் அது. ஆனால் படத்தில் அது இளஞ்சிவப்புப் புகையாகக் கரைந்து, பட்டுப்புடவையின் நிறத்துக்கு இசைந்த திரையாக மட்டும் நிற்கிறது. ஸ்டூடியோவில் துணியில் தீட்டிய மாளிகையின் முன் நிறுத்தி எடுத்த பழைய படத்துக்கும் இதற்கும் வேறுபாடு என்ன? அங்கே பொய்மாளிகை மெய்போல் காட்டப்பட்டது. இங்கே மெய்ம்மாளிகை பொய்போல் ஆக்கப்பட்டது. கோயிலும் மாளிகையும் மணமக்களும் ஒரே சட்டத்துள் தெளிவாக அமையுமாறு எடுக்கும் ஒருவர், ஒரு நூற்றாண்டை ஒரு படத்தில் தருவார்.

பெயர் சுட்டாமை

இயல்புப் படம் பிறர் உணராதபோது எடுக்கப்படுவதால் அதற்கு அறம் ஒன்றும் வேண்டும். அகப்பாட்டு உள்ளத்தின் மிக அந்தரங்கமான செய்திகளை வெளியிடுவது; அதனாலேயே அதில் ஒருவர் பெயரையும் சுட்டலாகாது என்று தொல்காப்பியர் விதித்தார். நாணமும் ஊடலும் வெளிவரலாம். இன்னாருடைய நாணம் என்பது வெளிவரலாகாது. இன்றோ, அழுத முகமும் களைத்த முகமும் பந்தியில் உண்ணும் வாயும் பெயரோடும் ஊரோடும் அன்று மாலையே உலகுக்கு அனுப்பப்படுகின்றன. மணமக்களின் இசைவு பெற்றாலும், ஓரத்தில் அமர்ந்திருந்த கைம்பெண்ணின் இசைவையும் கடன்பட்ட தந்தையின் இசைவையும் எவர் பெற்றார்? வீட்டு ஆல்பத்துக்கு உரியது வேறு, ஊருக்குக் காட்டத்தக்கது வேறு. இவ்வேறுபாட்டை அறியாதவர் கை எத்துணைத் தேர்ந்ததாயினும், அவரைக் கலைஞர் என்பது அரிது.

முடிபு

ஆகவே, அமர்வுப் படத்தை ஒழித்து இயல்புப் படத்தைக் கொள்க என்பதும், இயல்புப் படம் புதுமோகம் என்று தள்ளுக என்பதும் பொருந்தா. உற்றார் அனைவரும் நேர்நோக்கி நிற்கும் படம் ஒன்று வேண்டும், அது சாட்சி. மெய்ப்பாடு தோன்றும் இயல்புப் படங்கள் வேண்டும், அவை உயிர். அவற்றுள் சிலவாவது துளையைச் சுருக்கி, மண்டபமும் பந்தியும் உருமி மேளமும் சமையற்கட்டும் வாசலுக்கு வெளியே உள்ள தெருவும் தெளிவுற எடுத்தவையாக வேண்டும், அவை திணை. மணவீட்டார் கூலி பேசும்போதே இம்மூன்றையும் கேட்டு வாங்கலாம்.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், தமிழகத்து ஸ்டூடியோக்களின் பழைய படங்களை அரிய ஆவணங்களாகக் கருதித் தேடிப் பாதுகாக்கும் பணியை மேற்கொண்டனர். பேராக் மாநிலத்தில் அத்தகைய பணியைத் தொடங்குதற்குத் தமிழ்ப்பள்ளிகளைவிடத் தகுதியான இடம் இல்லை. தோட்டம் மறைந்த பின்னும் பள்ளி நிற்கும் ஊர்கள் பல. மாணவர் தம் வீட்டுப் பழைய மணப்படம் ஒன்றைக் கொண்டு வந்து, அதில் முதல் எது, கரு எது, உரி எது என்று எழுதட்டும். படத்தின் பின்னே தெரியும் மரத்தின் பெயரையும் கோயிலின் பெயரையும் பாட்டியிடம் கேட்டுக் குறித்து வரட்டும். கேட்டுச் சொல்லப் பாட்டி இருக்கும்போதே இது செய்யத்தக்கது. முப்பொருள் என்பது தேர்வுக்கு மனனம் செய்யும் பட்டியல் அன்று, தம் வீட்டுச் சுவரில் தொங்கும் பொருள் என்பதை அப்போது அவர்கள் உணர்வார்கள்.